தீக்காயத்துக்கான முதலுதவி: மருத்துவமனை சேரும்வரை வீட்டார் செய்ய வேண்டியவை

தீக்காய முதலுதவி என்பது நெருப்பு, கொதிநீர், சூடான எண்ணெய், நீராவி, மின்சாரம், வேதிப்பொருள் ஆகியவற்றால் உடல் வெந்துபோன ஒருவருக்கு, மருத்துவரிடம் சேரும்வரை அருகில் இருப்பவர்கள் செய்யும் உதவி ஆகும். அருகில் இருப்பவர் என்றால் பெரும்பாலும் தாய், பாட்டி, மனைவி, அண்ணன் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். பயிற்சி பெற்ற செவிலியர் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கின்றனர். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர். காயம் வீட்டிலேயே ஏற்படுவது அதிகம். அதிலும் அடுப்படியில்தான் மிக அதிகம்.

நல்லவாட்டிலிருந்து மருத்துவமனை வரை

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் மீனவர் ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வருவதற்குச் சற்று முன்பு, சிங்கப்பூரில் வேலை செய்த இவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரில் இருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அறிவித்து மக்களைக் கரையிலிருந்து அகற்றியதால் இந்த ஊர் வெளியுலகில் அறியப்பட்டது. அந்த மையம், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய கிராமத் தகவல் திட்டத்தின் ஒரு கிளை. அலையின் உயரம், வானிலை போன்றவற்றைக் கரையோர ஊர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வது அதன் அன்றாட வேலைகளில் ஒன்று. அலைக்காவது தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. தீக்காயத்துக்கு அப்படி எதுவும் வராது. காயம் பட்ட பிறகு கிடைக்கும் சில நிமிடங்களில், ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பதை மட்டுமே செய்ய முடியும்.

இங்கிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. வடக்கே போனால் நகருக்குள் இந்திராகாந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மருக்குச் செல்ல நகரைக் கடந்து மறுபுறம் கோரிமேடு வரை போக வேண்டும். வண்டி கிடைத்து, நெரிசலில் நகர்ந்து, அவசரப் பிரிவு வாசலில் இறங்க எப்படியும் அரை மணி நேரத்துக்குக் குறையாது. பாகூர், வில்லியனூர் பக்கத்து உட்கிராமங்களுக்கு இன்னும் கூடலாம். இந்த நேரத்தில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், மற்ற அறிவுரைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தோலுக்குள் நடப்பது

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு சிறிது நேரம் கொதித்துக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோலும் அப்படித்தான். நெருப்பை அணைத்தாலும், கொதிநீர் வழிந்து போனாலும், உள்ளே இறங்கிய வெப்பம் திசுவை வேகவைத்துக்கொண்டே இருக்கும். வெப்பத்தின் அளவும் அது தோலில் தங்கும் நேரமும் சேர்ந்துதான் காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. 1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய இருவர் செய்த சோதனைகளில், 44 பாகை செல்சியஸ் வெப்பம் தோலைக் கெடுக்க ஆறு மணி நேரம் ஆனது. 60 பாகையில் அதற்குச் சில விநாடிகளே போதுமாக இருந்தன. கொதிக்கும் ரசம் 100 பாகைக்கு அருகில் இருக்கும். குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது என்பதால் அதற்கு இன்னும் குறைந்த நேரமே தேவை.

1953-இல் டக்ளஸ் ஜாக்சன் என்ற பிரித்தானிய அறுவை மருத்துவர் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இருப்பது முற்றிலும் வெந்து இறந்த பகுதி; அதை யாராலும் மீட்க முடியாது. வெளி வளையம் சிவந்திருக்கும்; அது தானாகவே ஆறிவிடும். இவை இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டு. அங்கே இரத்த ஓட்டம் மந்தமாகி, திசு பிழைப்பதா சாவதா என்ற நிலையில் நிற்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள்களில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தே தானாக ஆறும் காயமா, தோல் ஒட்ட வேண்டிய காயமா என்பது முடிவாகும். வீட்டாரின் முதலுதவி காப்பாற்றுவது இந்த நடு வளையத்தைத்தான்.

தண்ணீர்: இருபது நிமிடம்

வெந்த இடத்தின் மேல் குளிர்ந்த குழாய் நீர் இருபது நிமிடம் ஓட வேண்டும். முதலுதவி என்று சொன்னால் பாதிக்கு மேல் இதுதான். பழைய கையேடுகளில் பத்து நிமிடம் என்றிருக்கும். இப்போது பிரித்தானிய, ஆஸ்திரேலியத் தீக்காய மருத்துவ அமைப்புகள் இருபது நிமிடம் என்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2,495 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் இருபது நிமிடம் ஓடும் நீரில் குளிர்விக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தோல் ஒட்டும் தேவை ஏற்படும் வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. காசு செலவில்லாத ஒரு செயலுக்கு இவ்வளவு பலன் கிடைப்பது மருத்துவத்தில் அரிது.

மூன்று மணி நேரம் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ‘உடனே ஊற்றவில்லை, இனி எதற்கு’ என்று விட்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காலையில் பால் கொட்டியதாக ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தாலும், அப்போதும் ஊற்றலாம். முதலில் ஊற்றினால் பலன் அதிகம், அவ்வளவுதான்.

கிராமத்து வீட்டில் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராது. மெல்லிய ஒழுக்கில் நிமிடத்துக்கு 2 லிட்டர் போனாலும் இருபது நிமிடத்துக்கு 40 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் அது மூன்று குடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒருவர் சொம்பால் மெதுவாக ஊற்ற, இன்னொருவர் குடம் கொண்டுவரலாம். சித்திரை, வைகாசி நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். அதைக் காயத்தில் விடக் கூடாது. குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, சூடு தணிந்த பிறகு பயன்படுத்தலாம். இல்லையேல் அடிகுழாய் நீரோ நிழலில் வைத்த குடத்து நீரோ நல்லது. தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால், கடலில் படகில் இருக்கும்போது நேர்வதுபோல, சுத்தமான துணியைக் கேனில் உள்ள குடிநீரில் நனைத்துப் போட்டு, அது வெதுவெதுப்பாகும் முன் மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஓடும் நீருக்கு இது ஈடாகாது. ஆனாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல்.

பனிக்கட்டி வேண்டாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்க வேண்டிய நடு வளையத்தையே பட்டினி போட்டுவிடும். மீன் பெட்டிக்கு வாங்கிய ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் கிருமியும் சேர்ந்து வரும்.

காயத்தைக் குளிர்விக்க வேண்டும், ஆளைக் குளிர்விக்கக் கூடாது. கைக்குழந்தை, முதியவர், உடலில் பெரும்பகுதி வெந்தவர் ஆகியோருக்கு உடல் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். வெந்த இடத்தில் மட்டும் நீர் விட்டு, மற்ற உடலை ஈரத்துணி நீக்கிப் போர்வையால் மூடி வைக்க வேண்டும். நடுக்கம் கண்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நீரை நிறுத்திவிட்டுப் போர்த்திக் கிளம்ப வேண்டும். தலையோடு ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பது பதற்றத்தில் பலர் செய்வது. துணியில் தீ எரிந்துகொண்டிருந்தால் தவிர அதில் பயனில்லை.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும். நின்ற இடத்திலேயே படுத்துப் புரள வேண்டும். மற்றவர் கனமான பருத்திப் போர்வையையோ சாக்கையோ போர்த்தி அணைக்கலாம். நைலான், பாலியெஸ்டர் துணி உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைக் கொண்டு மூடக் கூடாது.

நகையும் துணியும்

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கழற்ற வேண்டியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வெந்த இடம் சில மணி நேரத்தில் வீங்கும். மோதிரமும் வளையலும் மெட்டியும் அப்போது இறுக்கும் வளையமாகி விரலுக்கு இரத்தம் போகாமல் செய்துவிடும். குழந்தையின் இடுப்பில் இருக்கும் அரைஞாண் கயிறும் அப்படியே. கழுத்தோ மார்போ வெந்திருந்தால் தாலிச் சரடும் இதில் அடங்கும். அதைக் கழற்றத் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. பெரியவர் ஒருவர் வாங்கிப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னால் பெரும்பாலும் இசைவார்கள்.

கொதிநீர் ஊறிய சட்டை, பாவாடை, டயப்பர் ஆகியவை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்; அவற்றை உடனே நீக்க வேண்டும். தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் இழுக்காமல், சுற்றியுள்ளதைக் கத்தரித்துவிட்டு அப்படியே விட வேண்டும்.

மை, மாவு, பற்பசை

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தீக்காயத்தின் மேல் தடவப்படும் பொருள்களைப் பட்டியலிட்டால் ஒரு மளிகைக் கடையே வரும்: பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், காபித் தூள், முட்டையின் வெள்ளைக் கரு. இவற்றைத் தடவுபவர் அறியாமையில் மட்டும் தடவுவதில்லை. துடிக்கும் பிள்ளைக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் தடவுகிறார். அரைத்து வைத்த மாவு உண்மையிலேயே குளிர்ச்சியாக இருக்கும். வலி சற்றுத் தணியும். அந்தத் தணிவே பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தியிருக்கிறது. ஆனால் மாவில் நுண்ணுயிர் பெருகித்தான் அது புளிக்கிறது. தோல் என்ற வேலி போன இடத்தில் அதைப் பூசுவது தொற்றுக்கு வழி திறந்துவிடுவதாகும். எண்ணெயும் பசையும் வெப்பத்தை வெளியே விடாமல் மூடுகின்றன. மையும் மஞ்சளும் காயத்தின் நிறத்தை மறைக்கின்றன. மருத்துவர் ஆழத்தைக் கணிப்பது நிறத்தைப் பார்த்துத்தான் என்பதால், அவற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். குழந்தைக்கு அது இரண்டாவது முறை வெந்ததுபோல் வலிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் தன் அறிவுரையில் பசை, எண்ணெய், மஞ்சள், பஞ்சு ஆகிய நான்கையும் பெயர் சொல்லியே விலக்குகிறது.

பாட்டி மாவைக் கரண்டியில் எடுத்துவிட்டால் அவரோடு அப்போது வாதாடிப் பயனில்லை. கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, ‘நீங்க தண்ணி ஊத்துங்க பாட்டி, நான் வண்டிக்குச் சொல்றேன்’ என்பது நல்ல வழி. ஏற்கெனவே தடவிவிட்டிருந்தால் ஓடும் நீரில் தானாகக் கரைந்து போகும் அளவுக்கு விட்டால் போதும், சுரண்ட வேண்டாம். கொப்புளத்தையும் உடைக்கக் கூடாது.

வாழையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெந்தவரை வாழையிலையில் கிடத்துவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். இலை காயத்தில் ஒட்டாது என்பது உண்மைதான். மும்பை மருத்துவர்கள் வாழையிலைக் கட்டு பற்றி 2003-இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டுள்ளனர். அவர்கள் பயன்படுத்தியது நீராவியில் கிருமி நீக்கம் செய்த இலை. தோட்டத்தில் அறுத்த இலையை அப்படியே வைப்பது வேறு. வழிப்பயணத்துக்குத் துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டியோ பழைய பருத்திச் சேலையோ போதும். உணவு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால், இருபது நிமிடக் குளிர்விப்புக்குப் பிறகு அதை இறுக்கிச் சுற்றாமல் மேலே விரித்து வைப்பது இன்னும் நல்லது. கை வெந்திருந்தால் புதிய பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் கையை விட்டுத் தளர்வாக மூடலாம்.

காயம் எவ்வளவு பெரிது?

காயம் பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. அளக்க வேண்டியது அவருடைய கையால். பார்ப்பவரின் கையால் அன்று. குழந்தையின் காயத்தை அப்பாவின் கையால் அளந்தால் பெரிய காயமும் சிறியதாகத் தோன்றும். குழந்தைக்குப் பத்து உள்ளங்கை, பெரியவர்களுக்குப் பதினைந்து உள்ளங்கை அளவைத் தாண்டினால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியே ஆக வேண்டும். வெந்த தோல் வழியே உடலின் நீர் கசிந்து வெளியேறுவதால் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரியும்.

அளவு சிறிதாக இருந்தாலும் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயமும், கையையோ காலையோ சுற்றி வளைத்த காயமும், மின்சாரத்தாலோ வேதிப்பொருளாலோ வந்த காயமும் மருத்துவமனைக்குரியவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் இதே விதிதான்.

வலியை வைத்து முடிவு செய்வது ஆபத்து. மேலோட்டமான காயம்தான் கடுமையாக எரியும். வெளுத்தோ, பழுப்பாகவோ, தோல்பதம் போட்டது போலவோ இருந்து வலியே தெரியவில்லை என்றால் நரம்பு முனைகள் வரை வெந்துவிட்டன என்று பொருள். ‘அவர் அமைதியாகத்தான் இருக்கிறார்’ என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று.

மூடிய அறையில் எரிந்த தீயிலிருந்து வந்தவரிடம் மூக்குமுடி கருகியிருத்தல், சளியில் கரி, குரல் கம்மல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் வெந்திருந்தால் அது சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துக்கொள்ளும். இங்கே மட்டும் இருபது நிமிடக் கணக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. அவரை உட்கார்ந்த நிலையில் வைத்து உடனே கிளம்ப வேண்டும்.

மின்சாரம், சுண்ணாம்பு, அமிலம்

மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அறுந்து விழுந்த கம்பியாக இருந்தால் மின்துறை நிறுத்தும்வரை அருகில் போகவே கூடாது. வெளியே ஒரு சிறு கரும்புள்ளிதான் தெரியும். உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மூச்சு இல்லையெனில் நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். காயத்தைப் பிறகு பார்க்கலாம்.

சுண்ணாம்புத் தூளும் சிமெண்டும் தண்ணீர் பட்டால் சூடேறிக் கரிப்பவை. முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் அமுக்கி விளையாடும்போது அது கண்ணில் தெறிப்பதுண்டு. அப்போது இமையைப் பிரித்துப் பிடித்து, விடாமல் நீர் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கழிப்பறை அமிலம் பட்டாலும், யாராவது அமிலம் வீசினாலும் தண்ணீர்தான் மருந்து. இருபது நிமிடத்துக்கும் அதிகமாக, ஓடும் நீர் காயமில்லாத பக்கத்தில் வழியாதபடி. சோடா உப்பு போட்டு முறிக்க முயன்றால் அதனாலேயே வெப்பம் உண்டாகும். இதே ஒன்றியப் பகுதியின் காரைக்காலில் 2012 நவம்பரில் அமில வீச்சுக்கு உள்ளான இளம் பொறியாளர் 2013 பிப்ரவரியில் சென்னையில் இறந்தார். அமிலத் தாக்குதலுக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

வண்டியில் ஏறும்போது

108-ஐ அழைப்பவர் ஒருவர், தண்ணீர் ஊற்றுபவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் வண்டி வருவதற்குள் குளிர்விப்பு முடிந்துவிடும். கிளம்பும் அவசரத்தில் தண்ணீரைக் கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆள் நினைவோடு, நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தால் இருபது நிமிடம் ஊற்றிவிட்டுப் போவதே சரி. பெரிய காயமாக இருந்தால் வழியில் உணவோ காபியோ கொடுக்க வேண்டாம். வாந்தி வரலாம், மயக்க மருந்து தேவைப்படலாம். வெந்த கையையும் காலையும் தலையணையில் உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

காயம் பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுமாராக அல்ல, கடிகாரம் பார்த்து. முதல் 24 மணி நேரத்துக்கு ஏற்ற வேண்டிய திரவத்தை உடல் எடை, வெந்த பரப்பின் விழுக்காடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, அதில் பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்றுவது மருத்துவர்களின் முறை. அந்த 8 மணி நேரம் காயம் பட்ட நொடியிலிருந்து எண்ணப்படுகிறது, மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து அன்று. அம்மா ‘ஒரு பத்து மணி இருக்கும்’ என்பதற்கும் ‘எட்டே முக்காலுக்கு’ என்பதற்கும் நடுவே உள்ள வேறுபாடு, சொட்டு இறங்கும் வேகத்தையே மாற்றும்.

எப்படி நேர்ந்தது என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். தீக்காயம் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும் வழக்கமாகப் பதியப்படலாம் என்ற பயத்தில் ‘ஸ்டவ் வெடித்தது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது உண்டு. மண்ணெண்ணெயா, கொதிநீரா, மூடிய அறையா, திறந்த வெளியா என்பது மருத்துவருக்குச் சிகிச்சைச் செய்தி. காவல்துறை நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. பெண் ஒருவர் தனியே ஏதோ சொல்ல விரும்புவதுபோல் தோன்றினால், உடன் வந்தவர் சற்று விலகி, மருத்துவரோடு அவர் பேச இடம் கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய காயம் என்றால், இருபது நிமிடத் தண்ணீர், சுத்தமான ஒட்டாத கட்டு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் ஆகியவை போதும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், துர்நாற்றம், குறையாமல் கூடும் வலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும், இரண்டு வாரத்தில் காயம் ஆறவில்லை என்றாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.